கெட்டசாவுக்கு எத்தனை நாள்

அன்பு மகள் ரூபகலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனதளவில் நான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீதான். சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும் என்று தெய்வத்துக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசலாமே என்பாய். பேசினால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று துண்டித்துவிடுவாய், கடிதத்தின் வாயை அடைக்க முடியாது.

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, மீன் குழம்பில் புளி போதவில்லை என்று சண்டை போடத் தெம்பு வந்துவிட்டது. பாலம் அப்படியே கிடக்கிறது, ஆற்றில் நாலைந்து தூண் மட்டும், நீர்க்காகம் உட்கார்ந்து இறகு காயவைக்க. ஆடி வெள்ளத்தில் நம் தீவிலிருந்து கரைக்குப் போக முடியாமல் போஜனின் மனைவி குசுமா படகிலேயே வலியில் துடித்ததையும், படகு பாதி ஆற்றில் திரும்பியதையும், குழந்தை தங்காததையும் அப்போதே உனக்குச் சொன்னேன். "பாவம்மா" என்றாய்.

போன வாரம் பெங்களூரிலிருந்து அரசாங்கத் தரப்பு வக்கீல் பையன் ஒருவன் வந்தான், பாலம் கட்டும் கம்பெனி கொடுத்த மனுவோடு. கம்பெனி தன் பணத்தில் பாலம் கட்டிச் சுங்கம் வசூலித்துக்கொள்ளும், அரசாங்கம் இடத்தைத் தடையில்லாமல் கொடுக்கும் என்பது ஒப்பந்தம், அதை யார் மீறினார்கள் என்று உங்கள் ஊரில் மூன்று நடுவர்கள் முன்னால் சண்டை, அது முடியும்வரை இங்கே ஒரு கல் நகராது, வேறு ஆளுக்கும் வேலையைக் கொடுக்க முடியாது. இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் படித்துக் காட்டினான்: ஊர் மக்கள் மத நம்பிக்கையின் பேரால் காலவரையின்றி மண்ணைத் தோண்டவிடாமல் தடுத்தார்களாம், அதனால்தான் தாமதமாம், அரசாங்கம் இழப்பீடு தர வேண்டுமாம். அத்தாட்சி என்ன தெரியுமா, பஞ்சாயத்து உறுப்பினராக நான் எழுதிக் கொடுத்த கடிதம்! தை கடைசியில் கெட்டசா பண்டிகை வருகிறது, பூமித்தாய் தீட்டாவாள், அவள் குளித்து எழும்வரை மண்ணில் கை வைக்காதீர்கள் என்று மரியாதையாக எழுதினேன். கெட்டசா மூன்றே நாள்தான், அதை நான் எழுதவில்லை. உன் சேசப்பா மாமா தலையில் அடித்துக்கொண்டு, "சூரியன் கெழக்க உதிக்கும்னு யாராச்சும் எழுதுவாங்களா கமலா?" என்றார்.

அந்தக் கடிதத்தை வாங்கிய கம்பெனி மேனேஜர் நாயக், வறுத்த அரிசியும் கொள்ளும் வெல்லம் போட்டுக் கொடுத்ததை இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, "அக்கா, நாங்களும் இந்த மண்ணுல பொறந்தவங்கதான், மிஷின் அசையவே அசையாது" என்று சிரித்தான். மூன்றாம் நாள் பூமிக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினோம், நாலாம் நாள் மிஷின் அசைந்தது, லாரி ஏறிக் கார்வார் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டது. ஊரே கரையில் நின்று பார்த்தது. மழை பிடிக்கும் சமயத்தில்தான் மிஷின் திரும்பியது.

மனுவின் கடைசிப் பக்கத்தில் கம்பெனி வக்கீல்களின் பெயரையும் அந்தப் பெங்களூர்ப் பையன் படித்தான், அதில் உன் பெயர். இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். வெள்ளைக்காரன் எழுதியிருந்தால் தெரியாமல் எழுதினான் என்று விட்டிருப்பேன். நீ துளசி மாடத்தடியில் என்னோடு உட்கார்ந்து எண்ணெய் ஊற்றி, "பூமிக்கு வயிறு வலிக்குதாம்மா?" என்று கேட்டவள். உனக்குமா எத்தனை நாள் என்று தெரியாது? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாயா, சொல்லியும் அவர்கள் கேட்கவில்லையா, எது என்று நீதான் சொல்ல வேண்டும். கட்சிக்காரருக்காக வாதாடுவதுதான் என் வேலை என்பாய். வாதாடு, யார் வேண்டாமென்றது. இரும்பு விலையைச் சொல்லி வாதாடு, நிலத்தைச் சொல்லி வாதாடு. பெற்றவளின் மரியாதையை எடுத்து ஊர்மேல் பழி போடுவதற்கா உன்னைப் படிக்க வைத்தோம்? குழந்தையைப் பறிகொடுத்த குசுமாவும் அந்த 'ஊர் மக்களில்' ஒருத்திதான், அவளும் சேர்ந்து பாலத்தைத் தடுத்தாள் என்றுதான் உன் மனு சொல்கிறது.

சாட்சி சொல்ல வருகிறீர்களா என்று பையன் கேட்டான், வருகிறேன் என்றேன். நீ என் மகள் என்று தெரிந்ததும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பெத்த பொண்ணுக்கு எதிராவா? வேணாம் கமலா" என்று மாமா கெஞ்சினார், அப்பா பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கக் கூட்டிப்போனார். அதற்குள் நீயாகவே அந்த நடுவர்களிடம் எழுந்து மூன்று நாள்தான் என்று சொல்லிவிட்டால் எனக்கு விமானச் செலவு மிச்சம். வேலை போனால் போகட்டும், வீட்டில் சோறு இருக்கிறது. சொல்லாவிட்டால் என்னைக் குறுக்கு விசாரணை செய்யத் தயாராகு. எத்தனை நாள் என்று நீயே கேள், உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.

தெய்வம் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைக்க மறக்காதே, ஏசிக் காற்றில் காய விடாதே. வரும்போது உப்பில் போட்ட மாங்காய் கொண்டுவருவேன், வழக்கு வேறு, மாங்காய் வேறு.

இப்படிக்கு,
உன் அம்மா கமலாட்சி,
எதிர்த்தரப்புச் சாட்சி.