பஞ்சுவீரனின் நாய்

ஞாயிறு இரவு, ராஜபாளையம்.

பஞ்சுவீரன் ஒரே ஒரு காமிக்ஸில் வந்த சூப்பர்ஹீரோ. எந்தக் கடையிலும் அவனுக்குப் பொம்மை கிடையாது. அதனால் ஆளுக்கொரு ஹீரோ பொம்மையை வைத்து நாங்கள் ஆடும் போர்டு கேமுக்காக அவனையும் அவன் ராஜபாளையம் நாயையும் கட்டைவிரல் உயரத்தில் நானே செய்து, இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சித்தி மகன் கணேசன், என் வயதுக்காரன், வீரனைப் பார்க்கவே இல்லை. நாயைத் தூக்கிப் பார்த்து, "ஏட்டி, நம்மூரு நாய்க்கு மூக்கு கறுப்பாவா இருக்கும்?" என்றான்.

கறுப்பு வெள்ளை காமிக்ஸைப் பார்த்து அப்படியே தீட்டிவிட்டேன். எனக்கா இது தெரியாது! அவன் மனைவி சிரித்துக்கொண்டே நெயில் பாலிஷை நீட்டினாள். மூக்கை அங்கேயே ரோஸ் ஆக்கினேன்.

கணேசன் தன் வெளிநாட்டு ஹீரோவைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "இன்னைக்கு நான் பஞ்சுவீரனா ஆடுதேன்" என்றான்.

"கைய எடுலே. அவன் என் ஆளு."