ஐந்து மணிச் சங்கும் கேட் பாய்ஸ் அணியும்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் நல்ல பனி. ஹைவேயில் லாரியெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு. புதுவாயல் கடையை ஏழு மணிக்கே திறந்தாயிற்று. சேஃப்டி ஷூ நாலு பெட்டி வந்தது. ஒரு ஜோடியில் இரண்டுமே இடது கால். திருப்பி அனுப்ப வேண்டும்.

வேலையில் மனசு இல்லை. சனிக்கிழமை செமி ஃபைனலில் 3-2 என்று ஜெயித்தது இன்னும் உடம்பிலேயே ஓடுகிறது. ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன், கேட் பாய்ஸ் ஃபைனலுக்குப் போவது இதுதான் முதல் தடவை. வரும் ஞாயிறு, நாலு மணி, கம்பெனி சுவரை ஒட்டிய அதே மைதானம். எதிரணி திருவள்ளூர் டவுன். அதன் மேனேஜர் வேறு யாரும் இல்லை, என் கூடப்பிறந்த அண்ணன் தனசேகர். பொம்பளைக்குப் பந்தாட்டத்தில் என்ன தெரியும் என்று ஒன்பது வருஷமாகக் கேட்கிறவன்.

தெரியும். ரயில்வே கேட் பக்கத்துக் குடியிருப்பு ஆட்கள் ஆரம்பித்த அணி இது. பதினொரு பேரும் கம்பெனி வேலை. துணிப்பையில் கிளவுஸ் போட்டுக்கொண்டு கம்பெனி வாசலில் நின்று விற்ற காலத்திலிருந்து இவர்கள் கையும் காலும்தான் என் பிழைப்பு. ஷூவின் அடி எந்தப் பக்கம் தேய்கிறது என்று பார்த்தால், எவன் எந்தக் காலை ஊன்றித் திரும்புவான் என்று சொல்லிவிடுவேன்.

நம் பலம்:
ஏழுமலை. கேப்டன், தடுப்பில் நடு ஆள். ஷூ 10. இரும்பு முனை வைத்த ஷூவோடு எட்டு மணி நேரம் நிற்கிற கால். விளையாட்டு பூட்ஸ் மாட்டினால் வெறுங்கால் மாதிரி இருக்குமாம்.
பிகாஷ். ஒடிசாக்காரன், முன்னாட்டம். ஷூ 6. தமிழ் பாதிதான் வரும், ஓட்டம் முழுசாக வரும்.
ஜெயசீலன். கீப்பர். கிளவுஸ் 10. அவன் கையால் வீசினாலே பந்து பாதி மைதானம் தாண்டும்.
மூச்சு. எல்லாருக்கும்.

பலவீனம்:
உயரமான பந்துக்கு எகிற ஆள் இல்லை.
இரவு ஷிப்ட் முடித்து வருகிறவன் முதல் பாதியில் தூக்கத்தில் ஆடுகிறான்.
ஒருவனை ஒருவன் திட்டிக்கொள்வது. எதிரணியைத் திட்ட நேரமே கிடைப்பதில்லை.
கடைசிப் பத்து நிமிடம் கோல் வாங்குவது. ஏன்?

மதியம் 3.

ஏன் என்று தெரிந்துவிட்டது! சரக்கு உள்ளே போன நேரத்தை கேட் பாஸில் எழுதிப் பழகிய கை, கோல் விழுந்த நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறது. இந்த வருஷம் வாங்கியது மொத்தம் நாலு கோல். மூன்று கோல் 5.00, 5.01, 5.00. போன வருஷம் செமி ஃபைனலில் நம்மை வெளியே அனுப்பிய கோல், 5.00.

ஐந்து மணிக்குப் பக்கத்துக் கம்பெனியில் ஜெனரல் ஷிப்ட் முடிகிற சங்கு.

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி இல்லை. வெயில் சுள்ளென்று. காலை ஷிப்ட் முடிந்து ஏழுமலையும் ஜெயசீலனும் கடைக்கு வந்தார்கள். கோல் நேரம் எழுதிய தாளைக் காட்டினேன்.

"இன்னாக்கா, அஞ்சு மணிக்கு மொத்த டீமும் செத்துப்பூடுதுன்றியா?" ஏழுமலை.

"சாவல. வேலய முடிச்சுக்கினு ஊட்டுக்குப் பூடுது."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஜெயசீலனைக் கேட்டேன்.

"சனிக்கெயம ரெண்டாவது கோல் எப்டி வாங்குன?"

"கை வழுக்கிச்சுக்கா."

"வழுக்கல. ஒரு கையில கிளவுஸே இல்ல. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எதுக்குக் கயட்டுனேன்னு எனக்கே தெர்லக்கா. பதினோரு வருசமா சங்கு ஊதுனா மொதல்ல கிளவுஸைத்தான் கயட்றேன். கை அதுவா போவுது."

ஏழுமலை சிரிப்பை நிறுத்திவிட்டான். அவன் தோளும் சங்கு கேட்டால் தளர்ந்து, கண் வெளிவாசல் பக்கம் போகிறதாம். இரண்டே விநாடி. கோலுக்கு அது போதும்.

தைரியத்தில் குறை இல்லை, ஆட்டத்தில் குறை இல்லை. பழக்கம்தான். பழக்கம் என்றால் மாற்றலாம். இன்று சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

பிப்ரவரி 4, புதன்

கடையில் கைச்சங்கு இரண்டு விற்காமல் கிடந்தது. கைப்பிடியைச் சுற்றினால் ஊதும், தீ விபத்துப் பயிற்சிக்குக் கம்பெனிகள் வாங்குவது. ஒன்றைத் தூசு தட்டி, மூன்றரைக்கு மைதானத்துக்கு எடுத்துப் போனேன்.

நான் சுற்ற வேண்டும். சத்தம் கேட்டதும் நிற்காமல் எல்லாரும் முன்னால் பாய வேண்டும். கீப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் உடனே பிகாஷுக்கு வீச வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

முதல் தடவை: பதினொரு பேரும் சிலை. ஜெயசீலன் கை கிளவுஸ் பட்டையில்.
மூன்றாவது: பிகாஷ் மட்டும் ஓடினான். பந்தில்லாமல்.
ஐந்தாவது: கம்பெனி செக்யூரிட்டி ஓடி வந்தார். பின்னாலேயே நாற்பது பேர், ஹெல்மெட்டோடு, வரிசையாக.

"எங்கம்மா நெருப்பு?"

"நெருப்பு இல்லீங்க. பிராக்டிஸ்."

"நாங்க தலய எண்ணவே ஆரம்பிச்சிட்டோம்மா!"

எல்லாருக்கும் டீ சொல்லி அனுப்பினேன். நாளை முதல் ஏரிக்கரைப் பக்கம்.

பிப்ரவரி 5, வியாழன்

பத்து தடவை ஊதியதில் ஏழு தடவை பாய்ந்தார்கள். ஏழுமலை சங்கு கேட்டால் இப்போது காளை மாதிரி வருகிறான். ஜெயசீலன் கை மட்டும் கேட்கவில்லை. மணிக்கட்டைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டேன், சரக்குப் பெட்டிக்கு ஒட்டுகிற பழுப்பு டேப். கழற்ற நினைத்தாலும் வராது.

தோள்பட்டை வலி. கைப்பிடி சுற்றிச் சுற்றி.

வாங்க: சீரகம், பல்பொடி டப்பி, தைலம்.

பிப்ரவரி 6, வெள்ளி

பெரியபாளையம். அண்ணன் பேரனுக்கு அம்மன் கோயிலில் மொட்டை. வெயில், கூட்டம், வேப்பிலை வாசனை. குழந்தை மொட்டைக்கு அழவில்லை, சந்தனம் தடவினதும் அழுதது.

பெரிய தப்பு பண்ணிவிட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

பந்தியில் உட்காரும் முன் எல்லார் எதிரிலும் அண்ணன் ஆரம்பித்தான். "இன்னாம்மே, உங்காளுங்க கடைசி பத்து நிமிசம் நாக்கத் தள்ளிக்கினு நிப்பானுங்களாமே? மூச்சே இல்லியாம்?"

என்னை எது வேண்டுமானாலும் சொல்லலாம். அவர்கள் மூச்சைச் சொன்னால் பொறுக்காது.

"மூச்சு இல்லியா? எட்டு மணி நேரம் சூட்டுல நிக்கிற ஆளுங்கணா அவங்க! அது மூச்சு இல்ல, அஞ்சு மணிச் சங்கு..." என்று தொடங்கி, நின்றுபோவது, வாசலைப் பார்ப்பது, கிளவுஸ் கழற்றுவது, எல்லாம் கொட்டிவிட்டேன். பயிற்சியைச் சொல்வதற்குள் அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். அந்த மட்டும் அம்மன் காப்பாற்றினாள்.

அண்ணன் அதோடு கிண்டலை நிறுத்தினான். பாயசம் கூட வேண்டாம் என்றான். போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டான். வாங்குகிறவன் பேரத்தை நிறுத்திவிட்டால் அவன் கணக்குப் போட்டுவிட்டான் என்று அர்த்தம். இருபது வருஷ வியாபாரத்தில் படித்தது.

மாலை ஏழுமலைக்குப் போன் பண்ணி ஒத்துக்கொண்டேன்.

"யக்கா! உன் வாய்க்கும் டேப்பு சுத்திருக்கணும்!" நன்றாகக் கோபம். அப்புறம்: "இரு, இரு. நாம அஞ்சு மணிக்குத் தூங்குவோம்னு அவுங்க மொத்தமா ஏறி வருவாங்கல்ல?"

"வருவாங்க."

"அப்ப அவுங்க கோல் பக்கம் யார்க்கா இருப்பா?"

யாரும் இருக்க மாட்டார்கள். பிகாஷ் இருப்பான்!

பிப்ரவரி 7, சனி

காலையில் இட்லி வைத்தபடி இவரிடம் ஐந்து மணித் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவருக்குப் பந்தாட்டம் என்றால் கொட்டாவி. சட்னியைத் தொட்டுக்கொண்டே கேட்டார்:

"ஞாயித்துக்கெயம ஏது சங்கு?"

கரண்டி கையிலேயே நின்றது. இதுவரை எல்லா ஆட்டமும் சனிக்கிழமை. ஃபைனல் மட்டும் விருந்தாளிகளுக்காக ஞாயிறு. ஞாயிறு அந்தக் கம்பெனிக்கு லீவு. இரண்டு நாள் கை ஒடியச் சுற்றியவளுக்கு இது தோன்றவில்லை.

சங்கு இல்லாவிட்டால் நம் பலவீனமும் இல்லை, சரி. ஆனால் சமமாக ஆடினால் டவுன் அணி நம்மைவிட ஒரு படி மேல். பந்தைக் கைமாற்றுவதில் அவர்கள் சுத்தம், உயரமும் அதிகம். நம்மிடம் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

கைச்சங்கைப் பையில் போட்டுக்கொண்டு வரவா என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"வாணாம்க்கா. கம்பெனி ஊதுனா ஆட்டம். நீ ஊதுனா போங்காட்டம்."

கேப்டன் என்றால் இவன். எனக்கு வெட்கமாகக் கூட இருந்தது, கொஞ்சம்.

11.20. அதே சங்குக் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து போன். "மேடம், அர்ஜென்ட். கிளவுஸ் இருநூறு ஜோடி. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு உள்ள வரணும்."

"நாளைக்கு ஞாயிறாச்சே சார்?"

"ஏற்றுமதி லோடு நின்னுபோச்சு. நாளைக்கு ஃபுல் ஒர்க்கிங். ஜெனரல் ஷிப்டும் உண்டு."

ஃபுல் ஒர்க்கிங்! கடையில் நின்றபடி கத்திவிட்டேன். ஹெல்மெட் வாங்க வந்தவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்.

அண்ணனுக்கு இந்தச் செய்தி தெரியுமா? தெரியாவிட்டால் அவன் ஐந்து மணிக்கு ஏறமாட்டான். நானே போய்ச் சொல்லவும் முடியாது.

மாலை 6. அண்ணன் போன். நலம் விசாரிப்பு, குழந்தைக்கு மொட்டைத் தலையில் வேர்க்குரு, அது இது. கடைசியில்: "ஏம்மே, நாளைக்கு அங்க கம்பெனி லீவுதான?"

"இல்லணா. வேல கீதாம். காலைல நான்தான் கிளவுஸ் எறக்கறேன்."

கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

5.50க்குக் கிளவுஸ் இறக்கியாயிற்று. ஏழுமலைக்கும் காலை ஷிப்ட் போட்டுவிட்டார்கள். இரண்டு மணி வரை வேலை, அப்படியே மைதானம். இரண்டாம் பாதியில் கால் கனக்கும். பயம்.

இரவு எழுதுவது. தொண்டை போய்விட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

முதல் பாதி 0-0. டவுன் அணிதான் ஆடியது, நாம் துரத்தினோம். கார்னர் ஆறு வந்தது. ஆறும் ஏழுமலை தலையிலோ ஜெயசீலன் கையிலோ. எகிற ஆள் இல்லை என்று எழுதியிருந்தேன், அடித்துவிட வேண்டும்.

இடைவேளையில் ஜெயசீலன் தண்ணீர் குடிக்க டேப்பைப் பிய்த்தான். மறுபடி சுற்றவில்லை. நான் இந்தப் பக்கக் கோட்டில் கத்துகிறேன், கேட்கவில்லை.

4.57. எதிர்ப்பக்கம் அண்ணன் எழுந்து நின்றான். கையைத் தூக்கி, "ஏறு! எல்லாம் ஏறு!" டவுன் ஆட்கள் மொத்தமும் நம் பக்கம். அவர்கள் தடுப்பில் இருந்த உயரக்காரன் கூட.

5.00. சங்கு இல்லை.

5.01. இல்லை. நம் கோல் முன்னால் சந்தைக் கூட்டம். ஒரு பந்து கம்பத்தில் பட்டது. லோடு முடியவில்லை போல, ஷிப்டை நீட்டிவிட்டார்கள் போல.

5.02. அடுத்த பந்து ஜெயசீலன் நெஞ்சில். கட்டிப் பிடித்தான். அப்போது ஊதியது!

அவன் கை பட்டைக்குப் போனது. பார்த்தேன். இடது கிளவுஸ் கழன்று கீழே விழுந்தது. ஒரு வாரம் வீண் என்று நினைத்தேன். ஆனால் ஏழுமலை பாய்ந்துவிட்டான், மற்றவர்களும், ஒரே நேரத்தில், எட்டு மணி நேர வேலைக் காலோடு. டவுன் ஆட்கள் நம்மவர்கள் நிற்பார்கள் என்று காத்திருந்து அவர்களே நின்றார்கள். ஜெயசீலன் விழித்துக்கொண்டு வலது கையால் வீசினான். நடுக்கோடு தாண்டி விழுந்தது. பிகாஷுக்கு முன்னால் அவர்கள் கீப்பர் மட்டும். கீப்பர் வெளியே ஓடி வந்தான், பிகாஷ் பக்கவாட்டில் தட்டிவிட்டு அவனைச் சுற்றிப் போய் உள்ளே உருட்டினான். சங்கு ஊதி முடியவே இல்லை.

1-0.

மிச்சம் எட்டு நிமிடம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. யாரோ தெரியாத ஆள் தோளைக் கடித்துக்கொண்டிருந்தேனாம், இவர் சொல்கிறார். ஆமாம், இவர் வந்திருந்தார்! கொட்டாவி விடவில்லை. ஜெயசீலன் கடைசி நிமிடத்தில் ஒரு பந்தை வெறும் இடது கையால் தட்டினான், விரல் வீங்கிவிட்டது. ஏழுமலை விசில் கேட்டதும் மைதானத்திலேயே படுத்துத் தூங்குகிற மாதிரி கிடந்தான். எழுப்பித்தான் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள்.

பிகாஷ் என்னிடம் ஓடி வந்து, "அக்கா! சங்கு நல்லா! சங்கு ரொம்ப நல்லா!"

கூட்டம் கலைந்ததும் அண்ணன் வந்தான்.

"ஏம்மே, ஒண்ணு கேக்கறேன். கோயில்ல நீ வேணும்னேதான சொன்ன?"

இல்லை. ரோஷத்தில் உளறினேன். வெள்ளிக்கிழமை முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆமாணா," என்றேன்.

"கேடிம்மே நீ." ஒன்பது வருஷத்தில் பந்தாட்டம் பற்றி அவன் என்னைப் பாராட்டியது இதுதான்.

இடது கை கிளவுஸ் என் பையில், மண்ணோடு. வலது ஜெயசீலனிடம். நாளை கடைக்கு வந்தால் புதுசு ஒரு ஜோடி எடுத்துக் கொடுக்க வேண்டும். அளவு 10. வீக்கம் குறையாவிட்டால் இடதுக்கு 11.