டிரம் வராத முதல் நிமிடம்

இன்று காலை பத்தரை மணி இருக்கும். கட்டிங் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அளவு அட்டையை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிடந்த கைபேசி ஒரு தடவை உறுமியது. எட்டிப் பார்த்தேன். மில்லுக்காரர்கள் புதுப் பாட்டு விட்டிருக்கிறார்களாம். சாக்பீஸும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் வந்தது.

பாட்டை நான் கேட்கவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் எழுந்து போன பிறகு, பில் புத்தகத்தின் பின்தாள்களைக் கிழித்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மில்லுக்காரர்கள் என்று பெயர் வைத்தது நீதான். நாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரியில் படித்த காலத்தில், கப்பலில் வேலை பார்த்த உன் சித்தப்பா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இங்கிலாந்து பாண்டுகளின் சிடிக்களைக் கொண்டுவருவார். வீட்டில் வேறு யாரும் சீண்டமாட்டார்கள். நாம் இரண்டு பேரும் அதிலேயே விழுந்து கிடந்தோம். அதில் ஒன்றின் உறைக்குள் மூடிக் கிடந்த நூல் மில்லும் புகைக்கூண்டும் படமாக இருந்தன. அதைப் பார்த்ததும் நீ என் தொடையில் ஓங்கி அடித்தாய். "ஏட்டி, உங்க ராஜபாளையம் மாதிரியே இருக்குடி. இவிய அப்பாமாரும் ஷிப்டு முடிஞ்சு தலையெல்லாம் பஞ்சோடதான் வீட்டுக்கு வந்திருப்பாவ, பாரேன்." என் அப்பா அப்படித்தான் வருவார். அன்றிலிருந்து அந்த பாண்டின் நான்கு பேரும் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன்மார் மாதிரி ஆகிவிட்டார்கள்.

பிளவக்கல் அணைக்குக் கல்லூரியிலிருந்து போன நாளை நினைக்கிறேன். எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் இறங்கிவிட, நாம் மட்டும் கரைமேல் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். இருந்தது ஒரே ஒரு இயர்போன். இடதுபக்கம் உனக்கு, வலதுபக்கம் எனக்கு. பாட்டு முடிந்ததும் நான் பியானோவைப் பற்றிச் சொன்னேன். நீ முறைத்தாய். "பியானோவா? எங்கட்டி வருது பியானோ?" உன் பக்கத்தில் கிட்டார் மட்டும்தான் வந்திருக்கிறது. பாதிப் பாட்டு உன் காதிலும் பாதிப் பாட்டு என் காதிலுமாக ஓடியிருக்கிறது. "சரி, நீ கேட்டத நீ சொல்லு. நான் கேட்டத நான் சொல்லுதேன். ரெண்டையும் ஒட்டிக்கிடுவோம்" என்றாய். இயர்போனை மாற்றிக்கொண்டால் போதும் என்பது நம் இருவருக்கும் தோன்றவே இல்லை. அந்த அரை மணி நேரம் போல நான் பிறகு சிரித்தது கிடையாது.

படிப்பு முடிந்து நீ அங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாய். நான் கல்யாணமாகி, செட்டியார்பட்டியில் நைட்டி தைக்கும் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். நடுவில் அரை மணி நேர பஸ். புது ஆல்பம் வருகிற வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நமக்குப் பதினெட்டு வயது ஆகிவிடும். மில்லுக்காரர்களின் பாடகனை நீ ஒல்லியன் என்பாய். அவன்மேல் உனக்கு ஒரே ஒரு குறை. "இவன் குரல் எப்பப் பாரு கிட்டாருக்கும் டிரம்முக்கும் பின்னாடி ஒளிஞ்சு நிக்குது. ஒரே ஒரு தடவை அம்புட்டையும் வெளிய போகச் சொல்லிட்டு தனியா வந்து நின்னு பாடணும்டி. அன்னைக்குத் தெரியும் அவன் யாருன்னு." ஒவ்வொரு ஆல்பத்திலும் அதைத்தான் தேடுவாய். ஒல்லியன் வரமாட்டான்.

பிறகு உனக்கு அந்த இருமல் வந்தது. சாதாரண மருந்துக்கு அடங்காத டிபி என்றார்கள். மதுரைப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். நான்காவது மாதம் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்று எனக்கு போனில் சொன்னாய். அடுத்த வாரம் நான் நேரில் வந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. "ஊசிய நிப்பாட்டுனா நோய் ஏறிரும். போட்டா காது போயிரும். காதா உசிரான்னு டாக்டர் கேக்காரு. அதுக்கு நான் என்னட்டி சொல்ல?" உசிருதான் என்று உன் அம்மாதான் சொன்னார்கள். ஊசி தொடர்ந்தது. நோய் அடங்கி நீ வீட்டுக்கு வந்தபோது, வீட்டு வாசலில் பஸ் ஹாரன் அடித்தாலும் நீ திரும்பவில்லை. காதில் வைக்கும் மிஷினை வாங்கிப் பார்த்தாய். தகரத்தில் மணலைக் கொட்டுகிற சத்தம்தான் வருகிறது என்று கழற்றி வைத்துவிட்டாய்.

அதற்கு அடுத்த மாதமே மழைக்காரர்களின் புது ஆல்பம் வந்தது. நாம் பெயர் வைத்த இன்னொரு கூட்டம். நான் போனபோது நீ கைபேசியில் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "வாயத் திறக்கான், மூடுதான். எனக்கு ஒண்ணும் வரல. எப்படி இருக்கு, சொல்லு." உன் முகத்துக்கு நேராக நின்று, உதட்டைப் பார்த்து நீ பிடித்துக்கொள்ளும்படி, "நல்லாருக்கு" என்றேன். கையிலிருந்த டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தாய். காப்பி நாலாபுறமும் தெறித்தது. அடுக்களையிலிருந்து உன் அம்மா ஓடிவந்தார்கள்.

"நல்லாருக்குன்னா என்னட்டி அர்த்தம்? என்ன எழவு அர்த்தம்? டிரம் எத்தனாவது செகண்டுல வருது? கிட்டார் ஒண்ணா ரெண்டா? அவன் மூச்சு இழுக்கது கேக்குதா? இனிமே எங்கிட்ட நல்லாருக்குன்னு சொல்லாத. எம்புட்டு நேரம் ஆனாலும் சரி, எழுதிட்டு வா."

எழுதினேன். ஒரு வாரம் முழுக்க, வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் வருகிற பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டு எழுதினேன். எனக்கு இசையின் சொற்கள் தெரியாது. தையல்காரி சொற்கள்தான் தெரியும். 'பன்னிரண்டாவது வினாடியில் கிட்டார் வருகிறது, பக்கத்து அறையில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஓடுவது போல. முப்பதாவது வினாடியில் ஊசி உடைகிறது, சத்தம் நிற்கிறது.' ஞாயிற்றுக்கிழமை அதை நீ கண்ணெடுக்காமல் வாசித்தாய். வாசிக்க வாசிக்க உன் வலது கால் தரையில் தாளம் போட ஆரம்பித்தது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். வாசித்து முடித்ததும் ஸ்பீக்கரில் பாட்டைப் போடச் சொல்லி, அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, நான் எழுதிய இடத்தில் டிரம் வருகிறதா என்று சரிபார்த்தாய். வந்தது. "ஏட்டி, கேட்டுட்டேன்டி" என்றாய்.

எட்டு வருடம் அப்படிப் போனது. ஐந்து நோட்டு நிறைந்தது. பஸ்ஸில் என்னைப் பார்க்கிறவர்கள் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைத்தார்கள்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இடையில் எப்போதோ எனக்குப் பாட்டு செத்துவிட்டது. நிறுத்தி நிறுத்தி, வினாடியை எண்ணி எண்ணி, ஒரு பாட்டையாவது நான் சும்மா கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே தெரியாது. உன்மேல் கோபம்கூட வந்திருக்கிறது. உனக்குக் காது போனதற்கு நான் ஏன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒருநாள் நினைத்தேன். நினைத்துவிட்டேன். அதை இப்போது அழிக்க முடியவில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் மில்லுக்காரர்களின் ஆல்பம் வந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு. அதற்குள் உன் நுரையீரல் சுருங்கிப்போய், வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷினை வைத்திருந்தார்கள். இங்கே தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்தது. வெள்ளிக்கிழமை கேட்க முடியவில்லை. சனிக்கிழமையும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வர பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. பையில் இயர்போன் இருந்தது. கைபேசியில் பாட்டு இருந்தது. முதல் பாட்டையாவது நான்கு தடவை கேட்டிருக்கலாம். நான் இயர்போனை எடுக்கவில்லை. பாட்டுகளின் பெயர்களை மட்டும் பார்த்தேன். பத்துப் பாட்டையும் என் இஷ்டத்துக்கு எழுதினேன். 'முதல் பாட்டு. முதல் வினாடியிலேயே டிரம் விழுகிறது, தறிக்கூடத்துக் கதவைத் திடீரென்று திறந்தது மாதிரி.' ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் இறங்கிய பிறகும் பத்து நிமிடம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தை முடித்தேன். அழகாக எழுதுகிறேன் என்றுகூட எனக்குத் தோன்றியது.

நீ தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் கையை நீட்டினாய், எனக்காக அல்ல, நோட்டுக்காக. முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, "ஸ்பீக்கர எடு" என்றாய்.

போட்டேன். உள்ளங்கையை வைத்தாய். டிரம் வரவில்லை. கிட்டார் வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஒல்லியன் தனியாக வந்து நின்றான். வாத்தியம் ஒன்றும் இல்லாமல், மூச்சு இழுப்பது கேட்க, வயதாகிக் கரகரத்துப்போன குரலில் பாடினான். இருபது வருடமாக நீ எதற்குக் காத்திருந்தாயோ அது அந்த அறைக்குள் வந்து நின்றது. உன் அம்மாவுக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது. நீ கையைச் சற்றுத் தூக்கி, மறுபடி அழுத்தி வைத்தாய். உன் உள்ளங்கைக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

அப்போது சொல்லியிருக்கலாம். 'வந்துட்டாண்டி, தனியா வந்துட்டாண்டி' என்று உன் முகத்துக்கு நேராக நின்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் நான் பொய் எழுதியதும் வெளியே வந்துவிடும். "ஸ்பீக்கர் சரியில்ல போல" என்றேன். நீ என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு நிமிடம் தாண்டிப் பத்தாவது வினாடியில் டிரம் விழுந்தது. உன் கை அதிர்ந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, நோட்டின் மிச்ச ஒன்பது பாட்டையும் ஒரு வரி விடாமல் வாசித்தாய். மூடி மடியில் வைத்துக்கொண்டாய்.

"நல்லாருக்குடி" என்றாய்.

தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை நீ போய்விட்டாய். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை பார்க்கலாம் என்றார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் உன் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். "தனியா வந்தாண்டி. ஒல்லியன் தனியா வந்தான். ஒரு நிமிஷம் பத்து செகண்டு" என்று வாயை நன்றாகத் திறந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். உதட்டைப் பார்க்க நீ கண்ணைத் திறந்திருக்க வேண்டுமே. மறுபடி சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். சர்ச்சிலிருந்து வந்த பாடகர் குழுவினர் பாட்டை நிறுத்திவிட்டார்கள். யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். பெட்டியின் விளிம்பை நான் விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் ஜெபக் கூட்டம். எல்லோரும் போன பிறகு உன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலாம் என்றும் நினைத்தேன். அவர்கள் என் தலையில் கை வைத்தார்கள்.

"தெரியும் தாயி. நீ போன பொறவு எங்கிட்ட சொன்னா. 'அவ கேக்காமலே எழுதிட்டு வந்துட்டாம்மா, பாவம், தீபாவளி வேலை அவள நெருக்குது. ஒண்ணும் கேட்டுராதீங்க, மூஞ்சி செத்துப் போயிருவா. அடுத்த ஞாயித்துக்கிழமை அவளே சரியா எழுதிட்டு வந்துருவா'ன்னா. புதன்கிழமை மூச்சு முட்டுனப்பகூட, இன்னும் எத்தன நாளு கிடக்குன்னு விரல மடக்கிக்கிட்டே இருந்தா."

அன்றைக்கே அழுது தீர்த்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பஸ்ஸில் போகும்போதும், இந்த மேசை முன்னால் நிற்கும்போதும், நீ விரல் மடக்குவதுதான் தெரிகிறது. ஞாயிறுக்கு எத்தனை, ஞாயிறுக்கு எத்தனை என்று. உன்னிடம் நான்கே நாள்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். கோபப்பட்டிருக்கலாம். டம்ளரை எறிந்திருக்கலாம். நீ என்னை நம்பினாய். அந்த நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.