பாதி வீட்டுக்குக் கரண்ட் இல்லை

ராணி,

ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டே எழுதுகிறேன். ராயக்கோட்டை பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. உன் அப்பாவை அழைத்துவரப் போகிறேன்.

ஹாலுக்கும் கிச்சனுக்கும் கரண்ட் வந்துவிட்டது. பயப்படாமல் கிரைண்டரைப் போடு. நேற்று மாமா அதற்கு மாற்றிய பிளக்கில் ஒரு கோளாறும் இல்லை. ஃப்ரிட்ஜ் ஓடாததால் மீன் குழம்பைக் கொட்டிவிட்டேன். பிள்ளை லிபியாவுக்குத் தோசை ஊற்று.

நேற்று ஃபேனைக் கழற்ற மீட்டர் பெட்டியில் ஒரு ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கியது நான்தான். தெரியாமல் வேறு யாரும் கரண்ட் கொடுத்துவிடக் கூடாது என்று, கழற்றியவனே கட்டையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது எங்கள் கம்பெனிப் பழக்கம். நடுவில் போன் வந்ததில் மறந்துவிட்டேன். பாதி வீடு செத்துக் கிடந்ததும், அவர் மாற்றிய பிளக்தான் காரணம் என்று மாமாமேல் பாய்ந்தேன்.

"தெரியாத வேலையில ஏன் மாமா கைய வெக்கறீங்க?"

"பேத்தி புதுநன்மைக்குக்கூட இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன், மாப்ளே."

சாப்பிடாமலே எழுந்தார். "பெரிய எலக்ட்ரீசியன்னு பீத்திக்கறீங்களே, பெட்டியத் தொறந்து பாத்தீங்களா?" என்று நீ அழுதாய்.

ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக நற்கருணை வாங்க, அவர் இல்லாமல் பிள்ளை கோயிலுக்குப் போகக் கூடாது. காலில் விழுந்தாவது கூட்டிவருகிறேன்.

பெலிக்ஸ்

பி.கு.: கட்டை இன்று காலையில்தான் கிடைத்தது என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். அது பொய். மாமா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோதே அது என் பாக்கெட்டில் கைக்குத் தட்டுப்பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.