வதனி வைக்கும் பூ

சூரிச், 9.2.1986

அன்பான கௌரி,

இங்கே முழங்கால் அளவு பனி. ஆனாலும் நான் சுகம். நீரும் பிள்ளை வதனியும் சுகமாயிருந்தால் அதுவே போதும். பல்கலைக்கழகத்தில் கோழிக்குஞ்சு பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்க வேண்டாம்.

டொக்டர் றூத் என்ற அம்மா, ஒருநாள் வயதுக் குஞ்சுக்குக் கசப்புப் பூசிய மணியைக் காட்டுகிறார். ஒருதரம் கொத்திய குஞ்சு மறுநாள் அதற்குக் கிட்டவும் போகாது. ஆனால் கொத்திய கையோடு ஊசி போட்டால், மறுநாள் திரும்பவும் கொத்துகிறது. பாடம் மனதில் நிற்க, மூளைக் கலங்களிலுள்ள பரம்பரை அலகுகள், அதாவது ஜீன்கள், வேலை தொடங்கிப் புதுப் புரதம் ஆக்கவேண்டுமாம். அப்போதுதான் கலங்களுக்கிடையே தொடுப்பு இறுகுமாம். ஊசி அதை நிறுத்திவிடுகிறது. எல்லாம் நீர் படிப்பிக்கிற விஞ்ஞானம்தான்.

நான் வெளிக்கிடும்போது வதனிக்கு எட்டு மாதம். இப்போது மூன்று வயது. என்னைப் பற்றி அவளுக்குள் ஒன்றும் இறுகியிருக்காது. என் படத்தை நாள்தோறும் அவளுக்குக் காட்டும். அவள் என்னை அறியாமலே வளர்ந்துவிடுவாளோ என்று பயமாயிருக்கிறது.

உம்முடைய
தவம்

கோண்டாவில், 30.3.1986

அன்புள்ள அத்தான்,

ஷெல் அடியால் பள்ளிக்கூடம் பாதி நாள் பூட்டு. உங்கள் படத்தைச் சாமியறையில் வைத்திருக்கிறேன். அங்கே போக மட்டும் நாங்கள் ஒருநாளும் தவறுவதில்லை. வதனியே காலையில் நந்தியாவட்டை பிடுங்கிவந்து "அப்பாவுக்கு" என்று வைக்கிறாள். குஞ்சுகளுக்குத் தீன் போடுகிறவர் தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரோ? உங்கள் குரலைக் கசெற்றில் பதிந்து அனுப்புங்கோ.

கௌரி

கோண்டாவில், 12.10.1986

அன்புள்ள அத்தான்,

கசெற் வந்தது. உங்கள் குரல் கேட்டதும் வதனி என் சீலைக்குள் ஒளித்துக்கொண்டாள். "அப்பா செத்துப்போனாரெல்லோ, எப்பிடிக் கதைக்கிறார்?" என்றாள்.

சாமியறையில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் காலமான என் ஐயாவின் படம் மாலையோடு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாய்க் கும்பிட்ட பிள்ளை வேறெப்படி நினைப்பாள்? எனக்கு இது தோன்றவேயில்லை. நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்று எத்தனையோ தரம் சொன்னேன். தலையாட்டினாள். நம்பவில்லை.

கௌரி

சூரிச், 20.11.1986

அன்பான கௌரி,

உம்முடைய கடிதத்தோடு டொக்டர் றூத்திடம் போனேன். ஒரு பாடம் மனதில் இறுகிய பிறகு ஊசி ஒன்றும் செய்யாதாம். பழையதற்குப் பக்கத்தில் புதுப் பாடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பிக்கலாமாம். நான் நேரில் வந்து நிற்பதுதான் அந்தப் பாடம். ஆனால் அகதி வழக்கு முடியுமட்டும் இந்த நாட்டைவிட்டு அசைய முடியாது. படத்தைக் கழற்றிவிடும்.

தவம்

கோண்டாவில், 4.1.1987

அன்புள்ள அத்தான்,

கழற்றினேன். வதனி சாப்பிடாமல் கிடந்து அழுதாள். "என்ரை அப்பாவை எங்கை கொண்டுபோய் ஒளிச்சனீங்கள்?" என்று கேட்டாள். பொறுக்க முடியாமல் திரும்ப மாட்டிவிட்டேன். அவளுக்கு இருக்கிற அப்பா அதுதான். கோபிக்காதேயுங்கோ.

கௌரி

சூரிச், 15.2.1987

அன்பான கௌரி,

கோபம் இல்லை. படம் அங்கேயே இருக்கட்டும்.

பிள்ளை எத்தனை மணிக்குப் பூ வைக்கிறாள் என்று எழுதும். இங்கே அப்போது விடிந்திருக்காது. பரவாயில்லை, அந்த நேரம் நானும் எழும்பியிருப்பேன்.

தவம்