சோளக்காட்டுக்குள்ள சேவி

அக்டோபர் 28, செவ்வாய்

காலைல உறைபனி. மருமக ஷீலா கார் கண்ணாடிய சுரண்டிட்டு வேலைக்குப் போனா. டிபன் எடுத்துக்கல. இட்லி நாலு மிச்சம்.

பீன்ஸ் நறுக்கணும். மெழுகுவர்த்தி வாங்கச் சொல்லணும். முட்டிக்கு தைலம்.

பதினோரு மணி இருக்கும். பீன்ஸ் பாதி நறுக்கியிருப்பேன். சேவி போன் அடிச்சது.

அவன் போன் மாதா படத்துக்குக் கீழ இருக்கு. தினம் நான்தான் சார்ஜ் போடுறேன். லைன கட் பண்ணிரலாம் அத்தைன்னு ஷீலா ரெண்டு தடவ சொல்லிட்டா. போனத் திறக்குற நம்பர் யாருக்கும் தெரியாது. வெளிச்சம் வரும், மணி காட்டும், அவ்வளவுதான். அடக்கம் முடிஞ்ச புதுசுல யாராவது கூப்பிடுவாங்க. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. இன்னைக்கு அடிச்சது. கோயில் மணி மாதிரி இருக்கும் அவன் வச்ச ரிங். கத்தி கை தவறி கீழ விழுந்துருச்சு.

ஒரு நிமிஷம் என்ன நெனச்சேன்னு எழுத மாட்டேன்.

எடுத்தேன். வெள்ளக்காரக் குரல், வயசாளி. கடகடன்னு பேசினார். ராக்கெட்னு ஒண்ணு புரிஞ்சது. கார்ன்னு ஒண்ணு. மக்காச்சோளம். சேவியர் இருக்கானான்னு கேட்டார். மை சன், மை சன்னு சொன்னேன். மேல இங்கிலீஷ் வரல. அவர் சிரிச்சார். டெல் ஹிம், ஐ காட் இட். அவன்கிட்ட சொல்லுங்க, எடுத்து வச்சிருக்கேன்னு. ஓகே, ஐ டெல்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

பொய் சொல்லல. சாயங்காலம் செபமாலை சொல்லும்போது சொன்னேன். சேவி, உன் ராக்கெட்டு கிடைச்சிருச்சாம்டா. போதும், தேடாத.

29, புதன்

மழை தூறல். போன் கம்பெனிக் கணக்குல நம்பரப் பாத்து ஷீலா கூப்பிட்டுப் பேசினா. சோளக்காட்டுக்காரர். ராக்கெட் மேல பேரும் போன் நம்பரும் எழுதியிருக்கும். விடுறவங்க எல்லாரும் எழுதணுமாம், காணாமப் போனா கண்டெடுத்தவங்க கூப்பிடணும்ல. அறுவடை மெஷின் ஓட்டிட்டு வரும்போது ஆரஞ்சுத் துணி தெரிஞ்சிருக்கு, எறங்கி எடுத்திருக்கார். சேவி இப்ப இல்லன்னு ஷீலா சொன்னா. அவர் மெதுவா, சனிக்கிழம ராக்கெட் விடுறவங்க கூட்டம் இருக்குல்ல, அங்க கொண்டு வந்து தரேன்னாராம்.

ஆகஸ்ட்ல அந்தக் கூட்டத்துக்குத்தான் போனோம். நான், சேவி, அவன் கூட வேல பாக்குற ரகு. ஷீலா வரல. தீபாவளி ராக்கெட்டுன்னு நெனச்சுட்டுப் போனேன். சேவி செஞ்சது என் உசரம். மேல போற சத்தம் வயித்துக்குள்ள கேட்டது. உச்சிக்குப் போய் நான் தச்ச பாராசூட் விரிஞ்சது. சேவி கத்தினான், அம்மா உன் தையல் அம்மா! காத்து அதத் தள்ளிட்டே போய் சோளக்காட்டுல போட்டது. "ஆன்ட்டி தச்சதுக்கு அமெரிக்கா புடிச்சுப் போச்சு, எறங்கவே மாட்டேங்குது" - இது ரகு. சேவி காட்டுக்குள்ள போனான். சோளம் அவன விட உசரம். சாயங்காலம் வரைக்கும் தேடினான். கிடைக்கல.

அடுத்த வெள்ளிக்கிழம ஜெர்சி சிட்டி ரயில் ஸ்டேஷன்ல சேவி படி ஏறும்போது உக்காந்தவன் எந்திரிக்கல. ஹார்ட்டுன்னாங்க.

அந்த ஸ்டேஷன நான் பார்த்ததில்ல. அதனாலயோ என்னவோ, கனவுல ஒருநாளும் ஸ்டேஷன் வரல. சோளக்காடுதான். சேவி ஒவ்வொரு வரிசையா போறான், குனிஞ்சு பாக்குறான், அடுத்த வரிசை. கூப்பிட்டா திரும்பல. தோகை உரசுற சத்தம், சர் சர்னு. முழிச்சாலும் போகாது. ஷீலா பிளாஸ்டிக் பைய மடிச்சா அந்த சத்தம்.

சின்னதுல சிஸ்டர் சொல்லுவாங்க, செத்தவங்க பாவம் கழியுற உத்தரிக்கிற ஸ்தலம் நெருப்பா இருக்கும்னு. என் புள்ளைக்கு நெருப்பு இல்ல. சோளம். கிடைக்குற வரைக்கும் தேடணும். ஃபாதர்கிட்ட கேக்கப் பயம், திட்டுவார்.

31, வெள்ளி

எதிர் வீட்டு வாசல்ல பிளாஸ்டிக் எலும்புக்கூடு, நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்க. புள்ளைங்க பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வர்ற நாள். ஷீலா வாசல் லைட்ட அணைச்சுட்டா. அப்படியும் ஒண்ணு வந்து பெல் அடிச்சது. மண்டையோடு மாட்டின குட்டி. மிட்டாய் இல்ல, முறுக்கு குடுத்தேன். மண்டையோடு தேங்க்யூ சொல்லிட்டுப் போச்சு.

ஷீலா சிரிச்சா. எத்தனை நாள் கழிச்சு. அப்புறம் ரூமுக்குப் போயிட்டா.

நாளைக்கு: கம்பளித் தொப்பி, ஃபிளாஸ்க், தயிர் சாதம். எலுமிச்சை சாதம் வேண்டாம்.

நவம்பர் 1, சனி

சகல புனிதர் திருநாள். பூசைக்குப் போகல, மன்னிக்கணும்.

நல்ல வெயில், ஆனா காத்து குளுருது. ரகு கார்ல, ஷீலாவும். ரெண்டு மணி நேரம். ரகு வழியெல்லாம் பேசிட்டே வந்தான், பேச்ச நிறுத்தினா அழுதுருவான்.

அதே புல்வெளி. வரிசையா கார், பின்கதவு திறந்து, உள்ள குழாய் குழாயா ராக்கெட்டு. மடக்கு மேசை, பசை டப்பா, காப்பி. மைக்ல ஒருத்தர் நம்பர எறக்கி எண்ணுவார், ஃபைவ் ஃபோர் த்ரீ, அப்புறம் அந்த சத்தம், எல்லா மூஞ்சியும் மேல. ரெண்டு தெலுங்குப் பையங்க, ஒரு தமிழ்ப் பையன். "மச்சி உன்னோடது மரத்துல மாட்டிருச்சு." "தெரியும்டா." "போன தடவையும் மரம்." "ஆமாடா, நான் குரங்குக்குத்தான் அனுப்புறேன், போ." நானும் சிரிச்சுட்டேன். தப்பா?

ஒண்ணு பாராசூட் விரியாம நேரா வந்தது. மைக்ல கத்தினாங்க, எல்லாரும் எந்திரிச்சு நின்னு மேல பாத்தாங்க. ஷீலா என் கையப் புடிச்சா. தூரத்துல தொப்புன்னு மண்ணுல குத்திருச்சு. கை தட்டுறாங்க. விட்டவனே தட்டுறான்.

சோளக்காடு இல்ல. வெட்டிட்டாங்க. முழங்கால் உசரம் கட்டைதான். அந்தப் பக்கம் ரோடு வரைக்கும் தெரியுது. ஒளிய இடமே இல்ல.

காட்டுக்காரர் டிரக்ல வந்தார். தொப்பியக் கழட்டினார். ராக்கெட்ட ரெண்டு கையிலயும் தூக்கிட்டு வந்தார், புள்ளையத் தூக்குற மாதிரி. மூக்கு விரிசல், ஒரு றெக்க இல்ல. பாராசூட்டுக்குள்ள எலி கூடு கட்டியிருந்தது, சோளநாருல. அப்படியும் ஒரு தையல் பிரியல.

எங்க கிடைச்சதுன்னு ஷீலாவக் கேக்கச் சொன்னேன். கை காட்டினார். ஒரு குச்சி நட்டு வச்சிருக்கார். நாங்க ஆகஸ்ட்ல கார் நிறுத்தின இடத்துல இருந்து பாத்தா தெரியுது. கத்தினா கேக்கும். அவ்வளவு பக்கம்.

நடந்து போய் நின்னேன். கட்டை கால்ல குத்துச்சு. காத்து இருந்தது, ஆனா சர் சர் சத்தம் இல்ல. உரச தோகையே இல்லயே.

திரும்பி வந்தா ரகு, "ஆன்ட்டி, ஒட்டி சரி பண்ணி இன்னொரு தடவ விடலாமா? சேவிக்காக." ஷீலா, "ப்ளீஸ் ரகு, வேண்டாம்." என்னப் பாத்தாங்க. அவன் தேடி அலுத்துட்டான், வீட்டுக்குக் கொண்டு போலாம்னேன்.

ராக்கெட் பக்கவாட்டுல விரல் அளவு கேமரா ஒட்டியிருந்தது. உள்ள கார்டு இருக்கு. ரகு கழட்டி சட்டப் பையில வச்சுக்கிட்டான். மழைல கிடந்தது, வந்தா பாப்போம்னான்.

2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். கல்லறைக்கு மஞ்சள் சாமந்தி. மெழுகுவர்த்தி காத்துல நிக்கல, நாலு தீக்குச்சி. ஃபாதர் தண்ணி தெளிச்சார். ஷீலா கல்லுல இருந்த இலையெல்லாம் ஒவ்வொண்ணா பொறுக்கினா.

ராக்கெட்டு ஹால் மூலைல நிக்குது. சாயங்காலம் பாத்தா யாரோ ஆள் நிக்குற மாதிரி. ஷீலா போர்வை போட்டா. இன்னும் மோசம். எடுத்துட்டோம். பாராசூட்ட துவைச்சு பாத்ரூம்ல காயப்போட்டிருக்கு.

ரகு கேமரா வீடியோவ ஷீலாவுக்கு அனுப்பிட்டான். கார்டு நல்லா இருந்திருக்கு. விழுந்த அப்புறமும் கேமரா ஓடியிருக்கு, பேட்டரி தீருற வரைக்கும். அவ ரூம் கதவ சாத்திட்டுப் பாத்தா. நான் பூண்டு உரிச்சுட்டு இருந்தேன். திடீர்னு கத்துறா. "இங்க பாரு சேவி! இங்க! இங்க!"

ஓடினேன். ஐபேட கவுத்துப் போட்டிருக்கா.

"பக்கத்துல வர்றான் அத்தை. கால் சத்தம் வந்து நிக்குது. அப்புறம் அந்தப் பக்கம் போயிடுறான். போயிட்டே இருக்கான்."

கொஞ்சம் கழிச்சு, "நீங்க பாக்காதீங்க. சத்தியமா."

பாக்கலன்னேன். ரெண்டு பேரும் சாப்பிடல.

அப்போ நான் கனவுல பாக்குறது நெஜம்தான். அப்படியேதான் நடந்திருக்கு. இன்னமும் நடக்குது. ராக்கெட்டு என் வீட்டுல நிக்குது, அவனுக்கு யாரு சொல்றது. நான் சொன்னது கேட்டிருக்குமா.

3, திங்கள்

வெயில். குளிர் கொஞ்சம் கம்மி. ஷீலா வேலைக்குப் போயிட்டா. ஐபேட் சோபால. பாக்கலன்னுதான் சொல்லியிருந்தேன்.

மொதல்ல அவன் மூஞ்சி. மூக்கு பெருசா. கேமரா கண்ணாடிய ஊதித் துடைக்குறான். அங்கேயே நிறுத்திட்டேன். தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

அப்புறம் எண்ணுறாங்க. தரை கீழ போகுது. காரெல்லாம் தீப்பெட்டி. அதுல ஒரு புள்ளி நான். அப்புறம் சுத்திச் சுத்தி எறங்கி, பச்சை. ஒரு தோகை, துண்டு வானம், ஆரஞ்சுத் துணி ஓரம். அப்படியே கிடக்கு. ரொம்ப நேரம். ஒரு வெட்டுக்கிளி வந்து உக்காந்துட்டுப் போச்சு.

வந்துச்சு. சர் சர். அதே சத்தம். செபமாலைய கையில சுத்திக்கிட்டேன். கிட்ட வர்றான். இருமுறான். நிக்குறான். ஷீலா சொன்னது சரி, கை நீட்டினா தொட்டுரலாம். அப்புறம் போறான். இங்கதான் அவ நிறுத்தியிருக்கா.

நான் நிறுத்தல. நிறுத்த கை வரல, அவ்வளவுதான்.

கோயில் மணி அடிச்சது.

எந்திரிச்சு மாதா படத்துக்கு ஓடினேன். போன் இருட்டா கிடக்கு. அடிக்கல. ஆனா மணி அடிக்குது. அப்புறம்தான் புரிஞ்சது. அந்தக் காட்டுக்குள்ள இருந்து அடிக்குது.

"சொல்லும்மா."

என் போன். அன்னைக்கு நான் கூப்பிட்ட போன்.

"இல்லம்மா, கிடைக்கல. இங்கதான் எங்கயோ கிடக்கு."

"கத்தாதம்மா. தொப்பி போட்டிருக்கேன்."

"என்ன சோறு? எலுமிச்சையா? ரகு தின்னுறப் போறான், எனக்கு எடுத்து வை."

சிரிக்குறான்.

"அட, போனாப் போகுது. அறுவடைல தானா வந்து சேரும். வந்துட்டேம்மா."

சர் சர். போறான். போகப் போக வேகமா. அப்புறம் காத்து மட்டும்.

கேமராவுக்குத்தான் அவன் போறான். அந்தப் பக்கம் உக்காந்திருந்தது நான். என்கிட்டதான வந்தான். கையெல்லாம் தோகை கீறல், உப்பு போட்டு கழுவினேன். ரெண்டு தடவ சோறு வாங்கினான். கார்ல தூங்கிட்டே வந்தான், வாயத் திறந்துக்கிட்டு, ரகுதான் ஓட்டினான். இத்தனையும் எப்படி மறந்தேன். செத்த நாள் வந்து இதெல்லாத்தையும் தின்னுருச்சு.

தேடுறத அவன் அன்னைக்கே விட்டுட்டான்.

எலுமிச்சை நாலு இருந்தது. சோறு கிளறிட்டேன், கடலப்பருப்பு கொஞ்சம் கருகிருச்சு. ஷீலா வந்ததும் உக்கார வச்சு மிச்சத்தக் கேக்க வைக்கணும். அவ பாதியில நிறுத்திட்டா பாவம். கோவப்படுவா, படட்டும். கேட்டுட்டு சாப்பாடு. இல்ல, மொதல்ல சாப்பாடு.

கார் சத்தம்.