கேடயத்தில் இருக்கும் பேர்

ஆடி 14, ஞாயிறு

முழங்கால் போய்விட்டது. ஹாக்கியை விட்டுவிட்டு சொந்த ஊரான கிளிஞ்சல்மேட்டுக்கே திரும்பிவிட்டேன். சென்னையில் பன்னிரண்டு வருஷம் இரண்டாம் டிவிஷனில் கோல் காத்ததற்கு கிளப்பில் தந்த கேடயத்தை இன்றுதான் பிரித்தேன். மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"க... ரு... வா... டு. அப்பா, இதுல ஒங்க பேரு எங்க?"

மீன்பிடிக்கிற ஊர்க்காரன் என்று கிளப்பில் முதல் நாளே வைத்த பேர் அது. கோபப்பட்டால் அடுத்த ஆட்டம் கிடைக்காது. அதனால் கூப்பிடும்போதெல்லாம் சிரிப்பேன். செல்வகுமார் என்று அங்கே ஒருத்தனும் கூப்பிட்டதில்லை.

"அது அப்பாவோட செல்லப் பேரு கண்ணு" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். தெருப் பிள்ளைகளிடம் சொல்ல ஓடினாள்.

சாயங்காலம் கடைக்குப் போனபோது பின்னாலிருந்து தெருப் பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினார்கள்: "கருவாடு!"

கால் தானாக நின்றது. சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.